கொடையாக வந்த சட்டங்கள் அல்ல அவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் 1960-களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் தொடங்கியிருக்கும் தொடரின் முதல் பகுதியை இரண்டு முறை படித்தேன். மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இத்தகைய பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியதைக் கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் அக்கட்டுரையின் மையக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பத்தாண்டின் போராட்டங்கள் பாட்டிலும் உடையிலும் கரைந்துபோயின என்றும், அக்காலத்திலிருந்து நிலைத்து நிற்கும் சட்டங்கள் அனைத்தும் அதிபர் லிண்டன் ஜான்சனின் அரசியல் சாமர்த்தியம் நாட்டுக்கு அளித்த கொடை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். தொடரின் அடுத்த பகுதி வெளிவருவதற்கு முன்பே என் மறுப்பைத் தெரிவிக்க விரும்பி இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

ஜான்சனின் திறமையை நான் மறுக்கவில்லை. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்துத் தென் மாநிலங்களின் செனட் உறுப்பினர்கள் அறுபது வேலைநாட்கள் மாறி மாறிப் பேசி மசோதாவை முடக்கப் பார்த்தனர். ஜூன் 10 அன்று அந்த விவாதத்தை முடிவுக்குக் கொண்டுவரும் தீர்மானம் 71-க்கு 29 என்ற கணக்கில் நிறைவேறியதற்கு, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சனைத் தம் பக்கம் இழுக்க ஜான்சனும் அவரைச் சார்ந்தவர்களும் எடுத்துக்கொண்ட முயற்சி முக்கியக் காரணம். ஆனால் இதே ஜான்சன்தான் 1957-இல் செனட் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தார். அவ்வாண்டும் ஒரு குடிமை உரிமை மசோதா சபைக்கு வந்தது. பள்ளிகளிலும் பொது இடங்களிலும் நடக்கும் இன ஒதுக்கலை எதிர்த்து மத்திய அரசே வழக்குத் தொடர வழிசெய்த பகுதி அதிலிருந்து வெட்டி எறியப்பட்டது. வாக்குரிமையைத் தடுக்கும் அதிகாரியை ஜூரியின் முன் விசாரிக்க வேண்டும் என்ற திருத்தமும் அதில் சேர்ந்தது. அன்றைய தென் மாநிலத்து ஜூரியில் வெள்ளையர்களே அமர்ந்திருப்பார்கள் என்பதால், அந்தத் திருத்தத்தின் பொருள் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்தச் சமரசங்களைச் செய்து, பல்லில்லாத அச்சட்டத்தை நிறைவேற்றித் தந்ததும் ஜான்சனின் அதே சாமர்த்தியம்தான். ஏழே ஆண்டுகளில் அந்த மனிதர் புதிதாக எந்த வித்தையையும் கற்றுக்கொண்டுவிடவில்லை. நாடு மாறியிருந்தது, அதை மாற்றியவர்கள் வேறு.

மாற்றியவர்கள் யார் என்பது நாள்வாரியாகப் பதிவாகியிருக்கிறது. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் நால்வர், ஊல்வொர்த் கடையின் சிற்றுண்டிப் பகுதியில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட இருக்கைகளில் அமர்ந்து காப்பி கேட்டனர். காப்பி கிடைக்கவில்லை, அவர்களும் எழவில்லை. சில வாரங்களில் இந்த உள்ளிருப்புப் போராட்டம் தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவியது. ஜூலை மாதம் அந்தக் கடை தன் விதியைக் கைவிட்டது. நாஷ்வில் நகரில் இதே போராட்டத்துக்கு மாணவர்களைப் பயிற்றுவித்த ஜேம்ஸ் லாசன் நாக்பூரில் மூன்று ஆண்டுகள் தங்கிக் காந்தியின் வழிமுறையைப் பயின்றவர். அடிக்கும்போது தலையை எப்படிக் காத்துக்கொள்வது, வசவுக்கு எப்படி மறுமொழி பேசாமல் இருப்பது என்றெல்லாம் அவர் மாலை நேர வகுப்புகளில் ஒத்திகை நடத்தினார். மார்ட்டின் லூதர் கிங்கும் 1959-இல் இந்தியாவுக்கு வந்தபோது சென்னைக்கும் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள காந்திகிராமத்துக்கும் வந்து சென்றிருக்கிறார். இவ்வளவு ஒழுங்கும் முன்தயாரிப்பும் கொண்ட ஒரு முயற்சியை இளைஞர்களின் கொந்தளிப்பு என்று ஒற்றைச் சொல்லில் கடந்துபோவது நியாயமாகாது.

1961-ஆம் ஆண்டின் விடுதலைப் பயணங்களும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பேருந்துகளிலும் அவற்றின் நிலையங்களிலும் இன ஒதுக்கல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதற்கு முன்பே தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு தாளில் இருந்தது, நிலையங்களில் பழைய பலகைகள் தொங்கிக்கொண்டிருந்தன. கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து பேருந்தில் ஏறி, அலபாமாவில் பேருந்து எரிக்கப்பட்டும், அடிபட்டும், மிசிசிப்பியில் நூற்றுக்கணக்கில் சிறை சென்றும் அவர்கள் கேட்டது புதிய சட்டம் எதுவுமல்ல, இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதைத்தான். அவ்வாண்டு செப்டம்பரில் மாநிலங்களிடை வணிக ஆணையம் தெளிவான உத்தரவு பிறப்பித்தது, நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தை எழுதுவது ஒரு வேலை, அதைச் செயல்பட வைப்பது வேறொரு வேலை. அறுபதுகளின் இயக்கங்கள் இந்த இரண்டாவது வேலையைத்தான் திரும்பத் திரும்பத் தம் தோள்மேல் ஏற்றிக்கொண்டன.

1963 மே மாதம் பர்மிங்ஹாம் நகரில் பள்ளிச் சிறுவர்கள்மீது தீயணைப்புக் குழாய்களும் போலீஸ் நாய்களும் ஏவப்பட்ட படங்களை உலகமே பார்த்தது. ஜூன் 11 அன்று அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றிக் குடிமை உரிமைச் சட்டம் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். ஜான்சன் பின்னாளில் நிறைவேற்றிய மசோதாவின் பிறப்பு இதுதான்.

வாக்குரிமைச் சட்டத்தின் கதை இன்னும் தெளிவானது. அப்படியொரு சட்டம் தேவை என்பதை 1964-இன் இறுதியில் ஜான்சன் ஏற்றிருந்தார். ஆனால் ஒரு பெரிய சட்டம் அப்போதுதான் நிறைவேறியிருந்ததால், உடனே இன்னொன்றைச் சபைக்குக் கொண்டுபோகத் தயங்கினார். கிங்கும் அவருடைய தோழர்களும் அலபாமாவின் செல்மா நகருக்குச் சென்றனர். அந்த வட்டாரத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். ஆனால் அவர்களில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே. பக்கத்து ஊரில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அதைக் கண்டித்துத் தலைநகர் மான்ட்கமரிக்கு நடந்தே செல்லப் புறப்பட்டவர்களை 1965 மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கினர். பின்னாளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்த ஜான் லூயிஸின் மண்டை அன்று உடைந்தது. அடுத்த எட்டாம் நாள் ஜான்சன் காங்கிரஸின் கூட்டு அமர்வில் பேசினார். ஆகஸ்ட் 6 அன்று சட்டம் கையெழுத்தானது. தயங்கிய மனிதர் ஐந்தே மாதத்தில் சட்டம் தந்தார் என்றால், இடையில் அந்தப் பாலம் இருக்கிறது.

அச்சட்டம் எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இயக்கத்தின் அனுபவ அறிவு அதன் ஒவ்வொரு வரியிலும் பதிந்திருக்கிறது. அதுவரை இருந்த சட்டங்களின்படி, ஒரு வட்டாரத்தின் பதிவாளர் கறுப்பினத்தவரைத் திருப்பி அனுப்பினால் மத்திய அரசு அங்கே வழக்குத் தொடர வேண்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தோற்றால் பதிவாளர் விதியைச் சிறிது மாற்றிக்கொள்வார், வழக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மாநில அரசியல் சட்டத்தின் ஏதோ ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்லி, எழுதியது சரியா தவறா என்று பதிவாளரே முடிவுசெய்யும் எழுத்தறிவுத் தேர்வு அவர் கையில் இருந்த கருவி. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தேர்வுகளை அப்பகுதிகளில் நிறுத்திவைத்தது. தேவையான இடங்களுக்கு மத்திய அரசு தன் அலுவலர்களையே அனுப்பி வாக்காளர்களைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாகுபாட்டின் வரலாறு கொண்ட மாநிலங்களும் வட்டாரங்களும் தேர்தல் விதியில் எந்த மாற்றம் செய்வதானாலும் முன்கூட்டியே மத்திய நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ ஒப்புதல் பெற வேண்டும் என்றது. நிரூபிக்கும் பொறுப்பு பாதிக்கப்பட்டவரின் தலையிலிருந்து அதிகாரியின் தலைக்கு மாறியது. மிசிசிப்பியில் 1965-இல் வாக்குரிமை வயதுடைய கறுப்பினத்தவருள் 6.7 விழுக்காட்டினர் மட்டுமே பதிவுபெற்றிருந்தனர். 1967-இல் அது 59.8 விழுக்காடாயிற்று. நான் வகுப்பில் எத்தனையோ புள்ளிவிவரங்களைச் சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது மாணவர்கள் அமைதியானதைப் போல வேறெதற்கும் ஆனதில்லை.

கட்டுரையாளர் தொடாமல் விட்டுவிட்ட இன்னொரு செய்தி உண்டு. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பகுதியின் தொடக்கத்தில் ஒரு நீண்ட வாக்கியம் இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள எவரும் இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றின் காரணமாக, மத்திய அரசின் நிதியுதவி பெறும் எத்திட்டத்திலிருந்தும் விலக்கப்படவோ, அதன் பயன்கள் மறுக்கப்படவோ, அதில் பாகுபாட்டுக்கு உள்ளாகவோ கூடாது என்பது அதன் பொருள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து வந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல் ஐம்பதுகளில் இதே கருத்தைத் திருத்தமாக ஒவ்வொரு நிதி மசோதாவிலும் ஒட்டப் பார்த்தார். அத்திருத்தம் ஒட்டிய பள்ளிக் கட்டட மசோதா 1956-இல் தோற்றது. நல்ல மசோதாவைக் கெடுக்கிறார் என்று முற்போக்காளர்களே அவரைக் கடிந்துகொண்டனர். எட்டு ஆண்டுகளில் அந்த வாக்கியம் சட்டமானது. அன்று அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. உணவகம், விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றிய பகுதிகளே செய்தித்தாள்களை நிறைத்தன.

அந்த வாக்கியத்தின் வலிமை மருத்துவமனைகளில் தெரிந்தது. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிக் கட்டடம், தனிப் பிரிவு, அல்லது அனுமதியே இல்லை என்ற நிலை. 1946-ஆம் ஆண்டின் மருத்துவமனைக் கட்டுமானச் சட்டம், "தனித்தனி ஆனால் சமம்" என்ற பெயரில் இதற்கு மத்திய அரசின் பணத்தையே கொடுத்தது. உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கிய அதே கிரீன்ஸ்பரோவின் பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸும் அவருடைய சகாக்களும் நோயாளிகளும் இதை எதிர்த்து வழக்காடி, 1963-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். பிறகு 65 வயதானோருக்கான மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் 1966 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வரவிருந்தது. அதன் பணம் வேண்டுமென்றால் ஆறாம் பகுதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று வார்டுகளைப் பார்வையிட்டனர். எந்தக் கட்டிலில் யார் படுத்திருக்கிறார் என்பதைக் கணக்கெடுத்தனர். கறுப்பின மருத்துவர்களும் குடிமை உரிமைத் தொண்டர்களும் தம் ஊர் மருத்துவமனையின் உண்மை நிலையை அவர்களுக்குத் தெரிவித்தனர். தலைமுறை தலைமுறையாக அசையாத ஏற்பாடு சில மாதங்களில் பெரும்பாலான மருத்துவமனைகளில் முடிவுக்கு வந்தது. வாக்கியத்தைச் சட்டத்தில் ஏற்றியது இயக்கம். ஊரூராக அதற்குக் கண்ணாக இருந்ததும் இயக்கமே. மெடிகேரைக் கொண்டுவந்த பெருமை ஜான்சனுக்கு உண்டு, அதை நான் முழு மனத்தோடு சொல்கிறேன்.

பள்ளிகளிலும் இதுவே நடந்தது. பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்ற 1954-இன் புகழ்பெற்ற தீர்ப்புக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் தென் மாநிலங்களின் கறுப்பினக் குழந்தைகளில் வெள்ளைக் குழந்தைகளோடு சேர்ந்து படித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை. 1965-இல் பள்ளிக்கல்விக்கு மத்திய அரசு பெருந்தொகை ஒதுக்கிய பிறகு, அதை இழக்க விரும்பாத பள்ளி வாரியங்கள் வழிக்கு வரத் தொடங்கின.

அந்த வாக்கியம் அதோடு நிற்கவில்லை. 1972-இல் கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதியை எழுதியவர்கள் அதே வாக்கியத்தை எடுத்து, இனம் என்ற சொல் இருந்த இடத்தில் பாலினம் என்று வைத்தனர். அதற்காக உழைத்தவர்களில் ஒருவரான ஹவாய் மாநிலத்தின் பாட்சி மிங்க், இளம்வயதில் மருத்துவம் படிக்க விண்ணப்பித்துப் பெண் என்பதால் கல்லூரி கல்லூரியாக மறுக்கப்பட்டவர். மறு ஆண்டு, மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவில் செனட் குழுவின் அலுவலர்கள் அதே வாக்கியத்தை மாற்றுத்திறனாளிகளுக்காக எழுதிச் சேர்த்தனர். அதன்மீது விவாதம்கூடப் பெரிதாக நடக்கவில்லை. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் நான்கு ஆண்டுகளாகியும் வெளிவராமல் கோப்பில் கிடந்தன. 1977 ஏப்ரல் 5 அன்று சான்பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகத்துக்குள் சக்கர நாற்காலிகளிலும் ஊன்றுகோல்களோடும் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் நுழைந்து அமர்ந்தனர். ஜூடி ஹூமன் போன்றவர்கள் அவர்களுக்கு வழிகாட்டினர். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது காது கேளாதோர் ஜன்னலருகே நின்று சைகை மொழியில் வெளியில் இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். கருஞ்சிறுத்தைக் கட்சியினர் நாள்தோறும் சமைத்த உணவைக் கொண்டுவந்து கொடுத்தனர். ஏப்ரல் 28 அன்று துறைச் செயலர் ஜோசப் காலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார். சாய்தளங்களும் அகன்ற கதவுகளும் அரசுப் பணம் பெறும் கட்டடங்களின் கடமையானதற்கு அடித்தளம் அதுவே. 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அதன்மேல்தான் எழுந்தது. கிரீன்ஸ்பரோவின் உத்தி பதினேழு ஆண்டுகள் கழித்து வேறு மனிதர்கள் கையில், அதே சட்ட வாக்கியத்துக்காகப் பயன்பட்டது. இதைப் படிக்கும்தோறும் என் மனம் நெகிழ்கிறது.

வேலைவாய்ப்பில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சொல் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நுழைந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். குடிமை உரிமையைக் கடுமையாக எதிர்த்த வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித் அத்திருத்தத்தை முன்மொழிந்தபோது சபையில் சிரிப்பலை எழுந்தது. பெண்கள் இரண்டாந்தரக் குடிமக்கள் என்பதற்கு வேறு சான்று தேவைப்பட்டிருந்தால் இந்தச் சிரிப்பே போதும் என்ற பொருள்பட மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து பேசினார், திருத்தம் நிறைவேறியது. சட்டம் வந்த பின்னும் அதைக் கண்காணிக்க அமைந்த ஆணையம் "ஆண்கள் தேவை", "பெண்கள் தேவை" என்று பிரித்து வெளியான விளம்பரங்களைக் கண்டுகொள்ளவில்லை. அதன் அலட்சியத்தைக் கண்டு கொதித்தவர்கள் 1966-இல் தேசியப் பெண்கள் அமைப்பைத் தொடங்கினர். 1968-இல் ஆணையம் அந்த விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. 2020-இல் ஓரினச் சேர்க்கையாளர்களையும் திருநர்களையும் வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அது ஊன்றி நின்றதும் அந்த ஒரு சொல்லின்மேல்தான்.

சீர்திருத்தங்கள் ஜான்சனின் கொடை என்றால், அவர் 1969 ஜனவரியில் பதவி விட்டுப் போனதும் அவை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அவருக்கு அடுத்து வந்த ரிச்சர்ட் நிக்சனுக்கு இயக்கங்கள்மீது எந்தப் பரிவும் கிடையாது. ஆயினும் 1970 ஏப்ரல் 22 அன்று முதல் புவி நாளில் சுமார் இரண்டு கோடி மக்கள் கலந்துகொண்ட நாட்டில், அவ்வாண்டு டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பே, அரசின் பெருந்திட்டங்கள் அனைத்துக்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும் என்ற சட்டத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தார். 1972-இல் தூய நீர்ச் சட்டத்தை அவர் தடுத்தபோது காங்கிரஸ் அவருடைய தடையைத் தாண்டி நிறைவேற்றியது. வியட்நாம் போருக்கு எதிரான போராட்டங்களின் அழுத்தத்தில் 1971-இல் வாக்குரிமை வயது 18 ஆயிற்று. 1973-இல் கட்டாய ராணுவச் சேவை முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு, காங்கிரஸைக் கேட்காமல் அதிபர் நீண்டகாலம் போர் நடத்துவதைக் கட்டுப்படுத்தும் தீர்மானமும் நிக்சனின் தடையை மீறி நிறைவேறியது.

நம் வாசகர்களைத் தொடும் ஒன்று 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். அதற்கு முன் இந்தியாவுக்கென ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடுதான் இருந்தது. பிறந்த நாட்டை வைத்து மனிதரைத் தரம்பிரிப்பது தவறு என்ற வாதத்தைக் குடிமை உரிமை இயக்கம் நாட்டின் மனச்சாட்சியில் ஆழமாகப் பதித்திருந்த வேளையில் அந்த ஒதுக்கீட்டு முறை ஒழிந்தது. இந்தியா உள்ளிட்ட கிழக்கு அரைக்கோள நாடுகள் ஒவ்வொன்றுக்கும் 20,000 பேர் வரை என்றாயிற்று. இன்று அமெரிக்காவில் வாழும் எண்ணற்ற தமிழ்க் குடும்பங்கள் நுழைந்த கதவு அது.

இயக்கங்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதாக நான் சொல்லவரவில்லை. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் கூடிய பேரணியின் பெயரிலேயே வேலை என்ற சொல் விடுதலைக்கு முன்னால் நின்றது. மணிக்கு இரண்டு டாலர் குறைந்தபட்சக் கூலி அதன் கோரிக்கைகளில் ஒன்று. அந்தப் பாதிக் கோரிக்கை அரைகுறையாகவே நின்றுவிட்டது. கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் 1968 ஏப்ரலில் வந்த வீட்டுவசதி உரிமைச் சட்டத்துக்கு வலுவான அமலாக்கம் கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின. எதிர்வினையும் கடுமையாக இருந்தது. 1964-இல் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் அதிபர் தேர்தலில் படுதோல்வி அடைந்தாலும், அதுவரை ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த தெற்கின் ஐந்து மாநிலங்களை வென்றார். இன ஒதுக்கலின் குரலாக 1968-இல் தனித்து நின்ற ஜார்ஜ் வாலஸும் ஐந்து மாநிலங்களில் வென்றார். இன்று நாம் பார்க்கும் இரு கட்சிகளின் வரைபடம் அந்த ஆண்டுகளில் வரையத் தொடங்கியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில், வாக்குரிமைச் சட்டத்தில் எந்தெந்த மாநிலங்கள் முன்ஒப்புதல் பெற வேண்டும் என்பதை வரையறுத்த பகுதியைச் செல்லாது என்றது. அன்றைய தினமே டெக்சாஸ் மாநிலம், அதுவரை தடுக்கப்பட்டிருந்த தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போவதாக அறிவித்தது. செல்மாவில் சிந்திய இரத்தத்துக்குக் கிடைத்த கருவி கைநழுவியதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

இறுதியாக, கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லாத ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். மிசிசிப்பியின் சன்ஃபிளவர் வட்டாரத்தில் பருத்திக் காட்டில் குத்தகைக் கூலியாக உழைத்த ஃபேனி லூ ஹேமர், 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவுசெய்யப் பேருந்தில் இன்டியனோலா நகருக்குச் சென்றார். தேர்வில் தோல்வி என்று திருப்பி அனுப்பப்பட்ட அன்றே, பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டார். மறு ஆண்டு வினோனா சிறையில் அவர் உடல் வாழ்நாளெல்லாம் மீள முடியாத அளவுக்கு அடிக்கப்பட்டது. வெள்ளையர்கள் மட்டுமே நிறைந்த மிசிசிப்பியின் அதிகாரபூர்வக் குழுவுக்குப் பதிலாகத் தாங்கள் அமைத்த மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சியின் குழுவையே ஏற்க வேண்டும் என்று, 1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தகுதி ஆய்வுக் குழுமுன் அவர் சாட்சியம் அளித்தார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே தொலைக்காட்சிக் கேமராக்களைத் தம் பக்கம் திருப்ப அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பைக் கூட்டியவர் வேறு யாருமல்ல, அதிபர் ஜான்சன்தான். அன்றிரவு தொலைக்காட்சிகள் ஹேமரின் சாட்சியத்தை மறுபடியும் ஒளிபரப்பின, நாடு கேட்டது. சமரசமாக இரண்டே இரண்டு இடங்கள் தருவதாகக் கட்சித் தலைமை சொன்னது, அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் இனி எந்த மாநிலமும் இனத்தின் பேரால் ஒதுக்கிப் பிரதிநிதிகளை அனுப்பக்கூடாது என்ற விதியை அந்த மாநாடு ஏற்க வேண்டியதாயிற்று. 1968-இல் சிகாகோ மாநாட்டில் மிசிசிப்பியின் பிரதிநிதியாக ஹேமர் தம் இருக்கைக்குச் சென்றபோது அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். அதே மாநாட்டில், எந்த உட்கட்சித் தேர்தலிலும் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி அதிபர் வேட்பாளராக்கப்பட்டார், வெளியே தெருக்களில் போர் எதிர்ப்பாளர்களைப் போலீஸார் அடித்தனர். அந்தக் கசப்பிலிருந்து பிறந்த மெக்கவர்ன் ஆணையம், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைக் கட்சித் தலைவர்களின் மூடிய அறைகளிலிருந்து வாக்காளர்களிடம் மாற்றும் விதிகளை எழுதியது. ஒவ்வொரு நான்காம் ஆண்டும் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் என்று தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிடும் உட்கட்சித் தேர்தல்களுக்கு இன்றுள்ள எடை அந்த விதிகளால் வந்தது.

தொடரின் அடுத்த பகுதி வாக்குரிமைச் சட்டத்தைப் பற்றியதென்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஜான்சன் கையெழுத்திடும் படத்தை வெளியிடுங்கள், அது வரலாற்றுப் படம். அதனருகே ஃபேனி லூ ஹேமர் அட்லாண்டிக் சிட்டியில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கும் படத்தையும், அவர் பெயரோடு, அதே அளவில் வெளியிடுமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திண்டுக்கல்.